கழிக்க வேண்டிய எண்

செவ்வாய்க்குப் போகிற கருவிக்குச்
செவ்வாய்க்கிழமை கரண்ட் இல்லை.
மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.
ஆகவே திங்கள் இரவு முழுக்க விழித்திருக்கிறோம்,
தேவகோட்டை ரஸ்தாவுக்கு அப்பால்
முந்திரித் தோப்பு முடிகிற இடத்தில்
உமையாள், ஜெய்லானி, நான்.

எஃகுக் கலத்துக்குள் காற்றில்லை.
இல்லை என்று சொல்வது ஓர் அழுத்தமானி.
உள்ளே சுழல்மேசை, மேசைமேல் எங்கள் கருவி:
ஒன்றுக்குள் ஒன்றாய் இரண்டு அரைக்கோளங்கள்,
நடுவே மூன்று மில்லிமீட்டர் சந்து.
அறிக்கையில் அதற்கு நீளமான பெயர்.
ஜெய்லானிக்கு அது பணியாரக் குழி.
மின்னூட்டம் ஏறிய துகள் அந்தச் சந்தில்
சுவரில் முட்டாமல் வளைந்து வந்தால்
அடியிலுள்ள கண்ணாடித் தட்டு
‘ஒன்று’ என்கும்.
அவ்வளவுதான் அதற்குப் பேசத் தெரியும்.

அரை டிகிரி திருப்பு. எண்ணு. எழுது.
அரை டிகிரி திருப்பு.
இரண்டே முக்கால் ரயில் போகும்போது
கற்றை லேசாக நடுங்கும்;
அந்த வரிசையை அடித்துவிட்டு
மறுபடி அரை டிகிரி.

சிக்கல் இதிலில்லை.
கற்றையை அணைத்த பிறகும் தட்டு எண்ணியது.
நொடிக்கு ஏழு.
யாரும் அனுப்பாத ஏழு.
அரைக்குக் கீழே இருக்க வேண்டிய இடத்தில்
மூன்று இரவுகளாக ஏழு.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். ஏழு.
கேபிளை மாற்றினோம். ஏழு, ஒருமுறை எட்டு.
இந்தச் செம்புறாங்கல் மண்ணில் எர்த் பிடிக்காது என்று
ஜெய்லானி வெளியே போய்
உப்பும் பதினைந்து குடம் தண்ணீரும் ஊற்றினார்.
குழி குடித்தது.
ஏழு.

உமையாளுக்கு ஜாதகத்தில் செவ்வாய் எட்டில்.
“ஒன்று கழித்தால் ஏழு, சரியாக வருகிறதே” என்றாள்,
தரகர் குரலில்.
சிரித்தது நான் மட்டும்;
எனக்குத் தூக்கம் போயிருந்தது.

நாலு மணிக்கு அவள்
எந்த யோசனையும் இல்லாமல்
அழுத்தமானியை அணைத்தாள்.
பார்வைக் கண்ணாடி வழியே அதன் இழை
ஆரஞ்சாகக் கண்ணை உறுத்துகிறதாம்.

பூஜ்யம்.
பூஜ்யம்.
ஒன்று.
பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

யாரும் பேசவில்லை.
ஜெய்லானி தேநீரைக் கீழே வைத்தார்.
மறுபடி போட்டாள்: ஏழு.
அணைத்தாள்: பூஜ்யம்.
குழந்தை விளக்கு ஸ்விட்சோடு விளையாடுகிற மாதிரி
பத்துத் தடவை.

வெறுமையை அளக்க வந்தது
எஞ்சியிருந்த கொஞ்சக் காற்றைச் சுட்டு
அயனியாக்கி
எங்களிடமே அனுப்பிக்கொண்டிருந்தது.
வாசலில் நின்று உள்ளே யார் என்று கேட்டவன்
கேட்ட குரலையே எண்ணியிருக்கிறான்
மூன்று இரவும்.

இப்போது அழுத்தம் எவ்வளவு?
தெரியாது.
தெரியாமல் இருக்கும்போதுதான்
தட்டு சரியாக எண்ணுகிறது.

அங்கே அழுத்தமானி இருக்காது.
ஆனால் கலம் இருக்கும்.
அதன் பெயின்ட் மூச்சு விடும்,
உந்தி கக்கிய வாயு கூடவே தொங்கும்,
வெயில் பட்ட பக்கம் தானே மின்னூட்டம் ஏறும்.
அந்தச் சிவப்புக் கிரகத்தின் மேற்காற்றைச்
சூரியக் காற்று சுரண்டிச் சுரண்டி
ஆக்சிஜனை அயனி அயனியாய்க் கொண்டுபோகும்போது
எது கிரகம் இழந்தது
எது நாம் கொண்டுவந்தது?

பேரேட்டில் புதிய பக்கம்.
உமையாள் பழக்கத்தில் மேலே சுழி போட்டாள்,
பிறகு தலைப்பு: ‘நம்முடையது’.
கீழே கட்டங்கள், இன்னும் காலி.
ஒவ்வொரு கோணத்துக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும்
ஒரு கழிக்க வேண்டிய எண்.

வெளியே மயில் கத்தியது.
மணி ஆறரை.
ஒன்பதுக்குக் கரண்ட் போகும்.
அதற்குள் இரண்டாயிரத்து முந்நூறு வோல்ட்டை
ஐம்பது ஐம்பதாக இறக்க வேண்டும்,
தட்டுக்கு வலிக்காமல்.
ஜெய்லானி எண்களை வாசிக்க ஆரம்பித்தார்.
நான் திருகினேன்.